15 லட்சம் கையில் இருக்கிறது, மனை வாங்கிப் போடலாமா?

கேள்வி – 3 ஜூன் 2025

கையில் 15 லட்சம் இருக்கிறது. திருச்சியில் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்தாச்சு. மணிகண்டம் தாண்டி ஒரு மனை வாங்கிப் போடச் சொல்கிறார் மாமனார். மண்ணில் போட்ட காசு வீண் போகாது என்பது அவர் கட்சி. வங்கியில் போடுவதைவிட இது மேல்தானே?

3 ஜூன் 2025, இரவு

மாமனாரிடம் ஒன்று கேளுங்கள். இதுவரை எத்தனை மனை விற்றிருக்கிறார்? வாங்கியது அல்ல, விற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் வாங்கியதோடு சரி. பக்கத்து மனை இன்ன விலைக்குப் போனது என்று டீக்கடையில் யாரோ சொன்னதும் தன் மனைக்கும் அதே விலையைப் போட்டு மனசுக்குள் பணக்காரர் ஆகிவிடுவார்கள்.

எங்கள் அப்பா 1990களில் சமயபுரம் தாண்டி மாதத் தவணையில் ஒரு மனை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப்போய், மதியச் சாப்பாடு போட்டு, சுண்ணாம்புக் கல்லைக் காட்டி, குலுக்கலில் குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பினார்கள். மனைப்பிரிவுக்கு அரசு தரும் அங்கீகாரம் என்ற சொல்லை அன்றைக்கு யாரும் உச்சரிக்கவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் விலை பேசி வைத்திருந்த ஆள் காணாமல் போனார். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவு என்று காட்டி, கட்டணம் கட்டி, அப்புறம்தான் விற்க முடிந்தது. காகிதத்தில் விலை பல மடங்கு ஏறியிருந்தது, நிஜம்தான். பணம் வேண்டியிருந்த வருடங்களில் அது பணமாகவில்லை, அதுவும் நிஜம்.

ஆக, வாங்கலாமா என்ற கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உங்களுக்குப் பின்னால் இதை வாங்கப்போகிறவர் யார், அவருடைய வக்கீல் என்ன கேட்பார், அவருக்கு வங்கி கடன் கொடுக்குமா?

4 ஜூன் 2025

"என் சித்தப்பா மனை பத்து வருடத்தில் இரண்டு மடங்கு ஆனது, எந்த வங்கி தரும்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கணக்குப் போடலாம்.

10 லட்சத்துக்கு மனை. முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 90,000. தரகர் கமிஷன் 2 சதவீதம் என்றால் 20,000. கல் ஊன்ற, முள் வெட்ட, பட்டா மாற்ற என்று பத்து வருடத்தில் ஒரு 25,000. கையை விட்டுப் போனது 11.35 லட்சம்.

பத்து வருடம் கழித்து 20 லட்சத்துக்கு விற்கிறீர்கள். கமிஷன் 40,000 போனால் 19.6. லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், எல்லாமாக 1.1 லட்சம். மிச்சம் 18.5 லட்சம். 11.35 லட்சம் பத்து வருடத்தில் 18.5 ஆனால் கூட்டு வட்டி வருடத்துக்குச் சுமார் 5 சதவீதம்.

இரண்டு மடங்கு என்று சொல்லும்போது காதுக்கு நன்றாக இருக்கிறது. 5 சதவீதம் என்றால் தபால் நிலையத்திலேயே போட்டிருக்கலாமே என்று தோன்றும். மூன்று மடங்கு ஆகும் மனைகள் இல்லாமல் இல்லை. அதெல்லாம் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தவர் நமக்குச் சொல்ல மாட்டார், அவரே வாங்கிக்கொள்வார்.

6 ஜூன் 2025

பதிவுச் செலவு 11 சதவீதம், 9 அல்ல என்று ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அது பழைய கணக்கு. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைக்கும் நில விலையை, 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். சதவீதம் குறைந்தது, அது எதன் மேல் கணக்கிடப்படுகிறதோ அது கூடியது. கடைசியில் வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்தவர் பை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடை இழந்தது.

2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதிந்தால், 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மேலே போட்ட கணக்கில் 10,000 மிச்சம். மாமனார் மகள் பெயரில் பதியச் சொன்னால் அதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கலாம் என்று நல்லவிதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

6 ஜூன் 2025, சற்று நேரம் கழித்து

மனைவி பெயரில் வாங்கினாலும் பணம் உங்களுடையது என்றால், விற்கும்போது வரும் லாபம் வருமான வரிக் கணக்கில் உங்கள் தலையில்தான் விழும். அவருடைய சொந்தச் சம்பாத்தியம் என்றால் பிரச்சினை இல்லை.

15 ஜூன் 2025

பத்திரம் பார்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வக்கீலிடம் போவதற்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். வக்கீலுக்குப் பதிலாக அல்ல.

ஈ.சி. என்னும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் சொத்து சுத்தம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும். பதியாத உயில் வராது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பல சமயம் வராது. அண்ணன் தம்பிகள் சண்டை வரவே வராது. இன்னொன்று, எந்த சர்வே எண்ணுக்குப் போட்டீர்களோ அதற்குத்தான் வரும். 45/2 பிற்பாடு 45/2ஏ, 45/2பி என்று உட்பிரிவு ஆகியிருந்தால் தாய் எண்ணுக்கும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டா உரிமைப் பத்திரம் அல்ல. வருவாய்த்துறையின் கணக்கு. ஆனால் பட்டா விற்பவர் பெயரில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்காமல் நகரக் கூடாது. 1979 முதல் 1987 வரை நிலக் கணக்குகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் விழுந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் இன்னும் பல ஊர்களில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பத்திரத்தில் 40 சென்ட், பட்டாவில் 37 சென்ட். விற்பவர் நாற்பதுக்குப் பணம் கேட்பார். நீங்கள் விற்கும்போது வாங்குபவர் முப்பத்தேழுக்குத்தான் கொடுப்பார். அதற்கு முந்தைய பத்திரங்களில் பழைய சர்வே எண் இருக்கும், இன்றைய எண்ணுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் கிடைக்க வேண்டும்.

தாய்ப்பத்திரம், அதாவது சொத்து விற்பவர் கைக்கு வந்த முந்தைய பத்திரம், அதன் அசல் எங்கே என்று கேளுங்கள். நகல் காட்டினால் அசல் எந்த வங்கியில், எந்த அடகில் தூங்குகிறது என்று கேளுங்கள்.

அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் வகைப்பாடு அங்கேதான் இருக்கிறது. ஏரி, ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை என்று ஏதாவது புறம்போக்கு ஒட்டியோ உள்ளேயோ இருக்கிறதா? 1892-இல் தொடங்கிக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலமா? அது பட்டியல் சாதியினருக்கானது. வேறு யார் பெயருக்கு எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை கூடவே வரும். சட்டத்தை விடுங்கள், அந்த நிலத்தை வாங்குவதே நியாயமில்லை என்பது என் கட்சி. பூமிதான நிலம், வக்ஃப் நிலம், கோயில் நிலம் எல்லாம் அதே எச்சரிக்கை வரிசை. ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை ஊரறிந்த கதை. வீடு நம்முடையது, மண் பெருமாளுடையது.

உரிமையாளர் எழுதிக் கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து வேறொருவர் விற்கிறார் என்றால் கூடுதல் கவனம். பவரும் ஒப்பந்தமும் வைத்துக்கொண்டு சொத்து மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், பவர் ரத்தாகாமல் இருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் உயிர்வாழ் சான்று கேட்பது சும்மா இல்லை.

16 ஜூன் 2025

"இவ்வளவும் பார்த்தால் தமிழ்நாட்டில் ஒரு மனையும் வாங்க முடியாது." சரிதான். பத்தில் எட்டைத் தள்ள வேண்டியிருக்கும். பெண் பார்க்கப் போனால் மட்டும் பொறுமையாக இருக்கிறோம் அல்லவா?

காசு முழுவதும் கையில் இருந்தாலும் வங்கியில் ஒரு சின்னக் கடனுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். வங்கியின் வக்கீல் ஒரு முறை பத்திரங்களைப் பார்த்துவிடுவார். கடன் தர மாட்டோம் என்றால் காரணம் கேளுங்கள், அதே காரணத்தைத்தான் நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவரும் கேட்பார்.

17 ஜூன் 2025

மேலே சொன்னதற்கு ஒரு பின்சேர்க்கை. வங்கி வக்கீல் காகிதத்தைத்தான் பார்க்கிறார். மண்ணில் கல் எங்கே ஊன்றியிருக்கிறது என்பது அவர் வேலை இல்லை. காகிதம் கச்சிதமாக இருந்து, நிலத்தில் பக்கத்து வீட்டுக் கழிவறை நம் எல்லைக்குள் நின்ற கதை என் தம்பிக்கு நடந்தது. சர்வேயரை வைத்து எஃப்.எம்.பி. என்னும் புல அளவு வரைபடப்படி அளப்பதற்கு ஆகும் செலவு மனை விலையில் ஒரு தூசு. முன்பணம் கொடுக்கும் முன் அளக்கச் சொல்லுங்கள். விற்பவர் "அதெல்லாம் எதுக்கு சார், நாலு பக்கமும் நம்ம ஆளுங்கதான்" என்றால் இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள்.

28 ஜூன் 2025

மண்ணுக்குப் போவோம்.

பாதை. எல்லாவற்றிலும் அதிகம் ஏமாறுவது இங்கேதான். காட்டும்போது கார் உள்ளே போகும். அந்தப் பாதை இன்னொருவர் பட்டா நிலத்தில், அவர் பெருந்தன்மையில் போகிறதா, அரசுக் கணக்கில் பாதையா என்று எஃப்.எம்.பி.யில் பாருங்கள். பெருந்தன்மை ஒரு தலைமுறைக்கு மேல் நீடிப்பதில்லை.

தண்ணீர். வெயில் காலத்தில் எந்த நிலமும் அழகுதான். பஞ்சப்பூர்ப் பக்கம் கோரையாறு ஓடுகிறது. 2005 நவம்பரில் அது கரை மீறியபோது என்ன நடந்தது என்று கருமண்டபம் பக்கத்தில் வயதானவர்களைக் கேளுங்கள். சென்னையில் 2015-இல் முடிச்சூரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நின்ற நிலையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கீகாரம் பெற்ற மனையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அங்கீகாரத்துக்கு நீச்சல் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய் நின்று பாருங்கள். மழைக்குக் காத்திருக்க முடியாதென்றால் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். தரகரைவிட அவருக்கு நிலம் தெரியும், கமிஷனும் கிடையாது.

தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி போகிறதா? நிமிர்ந்து பார்க்க மறந்துவிடுகிறோம், எல்லாரும் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பதால்.

பக்கத்தில் போர் போட்ட வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

அப்புறம், முனையம். திறந்த பிறகு வாங்குபவர் முனையத்துக்கான விலையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அறிவித்த நாளிலேயே விலை ஏறத் தொடங்கிவிடும், கட்டும்போது இன்னும் ஏறும், திறந்ததும் விளம்பரப் பலகை ஏறும். சென்னையில் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தபோதும், "பேருந்து நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று போட்ட மனைகளுக்கு 5 நிமிடத்தில் ஹெலிகாப்டரில் போக வேண்டியிருந்தது.

12 ஜூலை 2025

வாஸ்து பார்க்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து மனையை நான் வாங்க மாட்டேன். அடுத்து வாங்க வருகிறவருக்கு நம்பிக்கை இருக்கும், அவர் அம்மாவுக்குக் கட்டாயம் இருக்கும். வடக்குப் பார்த்த, கிழக்குப் பார்த்த மனை சீக்கிரம் போவதும் தெற்குப் பார்த்தது விலை பேசப்படுவதும் சந்தையின் நடப்பு. பெரியாரைப் படித்துவிட்டு வாஸ்து பார்க்கும் அவமானம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உண்டு.

3 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். மணிகண்டம் பக்கம் பட்ஜெட்டுக்குள் வரவில்லையாம். இன்னும் உள்ளே "பண்ணை நிலம்" என்று 12 சென்ட், மாங்கன்று நட்டு, சொட்டு நீர் போட்டு, வேலி கட்டி, 9 லட்சம் என்கிறார்களாம். வார இறுதியில் போய்த் தங்கலாம் என்று படம் காட்டியிருக்கிறார்கள்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். காரணம் கேட்கிறார் என்பதால்:

மனைப்பிரிவு போட வேண்டுமென்றால் டி.டி.சி.பி. என்னும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும், சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், பெரிய மனைப்பிரிவென்றால் பூங்காவுக்கு 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ரெராவில் பதிய வேண்டும். இவ்வளவையும் தவிர்க்க ஒரு சுலபமான வழி, மனை என்று சொல்லாமல் விவசாய நிலம் என்று சொல்லிச் சின்னத் துண்டுகளாக விற்பது. வாங்கலாம், பதியவும் செய்யலாம். வீடு கட்ட அனுமதி கேட்கும்போது அது மனை அல்ல என்பார்கள். விவசாயம் செய்ய 12 சென்ட் போதாது. உள்ளே இருக்கும் பாதை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் விற்கப் போனால், பக்கத்திலேயே அதே ஆட்கள் புதிதாக இன்னொரு பண்ணை போட்டு, புதிய மாங்கன்றோடு விற்றுக்கொண்டிருப்பார்கள்.

மாம்பழம் வேண்டுமென்றால் காந்தி மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும்.

20 ஆகஸ்ட் 2025

வாரிசு விஷயத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டேன், அது போதாது. என்னோடு வேலை பார்த்தவர் பூர்வீகச் சொத்தில் ஒரு வீடு வாங்கினார். அண்ணன், தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாச்சு" என்றார்கள். பிற்பாடு அக்கா பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அவர் பக்கம் சட்டம் இருந்தது.

தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தார்கள், ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முறையாகப் பிரிந்த பாகங்களுக்கு விலக்கு. ஆகவே வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயருக்கும் கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும். சீர் செய்ததற்கான பந்திச் செலவுக் கணக்கு நீதிமன்றத்தில் செல்லாது.

7 செப்டம்பர் 2025

ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமே என்பவருக்கு: 60 லட்ச ஃபிளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1.8 லட்சம், 3 சதவீதம். பராமரிப்பு, சொத்து வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், பெயின்ட் எல்லாம் போனால் இரண்டே கால்கூட நிற்காது. கடன் வாங்கி வாங்கினால் வங்கி வட்டிக்கும் வாடகைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை உங்கள் சம்பளம்தான் நிரப்பும்.

ஃபிளாட்டில் கட்டடம் வயதாகிறது, ஏறுவது அடியில் உள்ள மண். அதனால் யு.டி.எஸ்., அதாவது உங்கள் ஃபிளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். 1000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 250 சதுர அடி மண்ணா, 550-ஆ என்பதில் இருபது வருடத்துக்குப் பிந்தைய விலை இருக்கிறது. கட்டுமானத்தில் உள்ளதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்பதற்குக் கிடையாது. நிலத்துக்கு எப்போதுமே கிடையாது.

குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல மாட்டார் என்ற நிம்மதிக்கு சதவீதம் போட முடியாது.

19 அக்டோபர் 2025

இங்கே நிலம் வாங்கலாமா என்று துபாயிலிருந்து ஒருவர் கேட்கிறார். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் மனை வாங்கலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மாங்கன்றுக்காரர்கள் துபாய்க்கும் வாட்ஸப் அனுப்புகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இங்கே இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை தேடி வருவது வாங்கியவரைத்தான். ஆடிட்டரிடம் கேட்காமல் செக் எழுதாதீர்கள்.

9 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் மண்ணச்சநல்லூர் பக்கம் டி.டி.சி.பி., ரெரா இரண்டும் உள்ள ஒரு மனைப்பிரிவில் 3 சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒன்றை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். ஏற்கெனவே குடிவந்த வீடுகள் இருக்கின்றன, தெருவிளக்கு எரிகிறது, மழையிலும் போய்ப் பார்த்துவிட்டார். நல்லது. இரண்டு சங்கதி கேட்கிறார்.

முதலாவது, பாதியை ரொக்கமாகக் கொடு, பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டலாம் என்கிறாராம் விற்பவர். அவருக்கு வரி மிச்சம், உங்களுக்குப் பதிவுச் செலவு கொஞ்சம் மிச்சம். இன்றைக்கு 14 லட்சம் கொடுத்து 8 லட்சம் என்று எழுதினால், நாளைக்கு 20-க்கு வாங்க வருபவர் வங்கிக் கடனில் வருவார், முழுத் தொகையையும் வெள்ளையில் எழுதச் சொல்வார். அப்போது உங்கள் லாபம் 6 லட்சம் அல்ல, 12 லட்சம். விற்பவர் இன்று தப்பித்த வரியை நீங்கள் அன்றைக்குக் கட்டுவீர்கள். தவிர, சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்று சட்டம் இருக்கிறது. இதை விற்பவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அவரே வங்கிக்கு வருவார்.

இரண்டாவது, முன்பணத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதாதா, பதிய வேண்டுமா? தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். ஊரில் பாதிப் பேர் பதிவதில்லை, சண்டை வராதவரை அது தெரிவதில்லை. தொகை பெரிதாக இருந்தால், கிரயத்துக்கு மாதக் கணக்கில் அவகாசம் இருந்தால் பதியுங்கள். ஒரே வாரத்தில் கிரயம் என்றால் முன்பணத்தையே சின்னதாக வைத்து, வங்கி வழியாகக் கொடுத்து, நேராகக் கிரயத்துக்குப் போங்கள்.

கிரயம் முடிந்ததும் பட்டா மாறுதலைப் பின்தொடருங்கள். முழுப் புல எண்ணென்றால் தானாக மாறலாம், உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான். பதிவு அலுவலகத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து மறந்துவிடாதீர்கள். நாலு மூலையிலும் சிமென்ட் கல், முடிந்தால் கம்பி வேலி, உங்கள் பெயரும் சர்வே எண்ணும் போட்ட ஒரு பலகை. தொலைபேசி எண் வேண்டாம், தரகர்கள் தூங்க விட மாட்டார்கள்.